வாத்தும் வாளியும் நாற்பத்திரண்டு கையெழுத்தும்

இன்று காலை எட்டரை மணிக்கு முதல் வகுப்பு ஆசிரியையின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் ஆசிரியை. எதிரே என் தம்பியின் மனைவி, வேலைக்குப் போகும் உடையிலேயே. அவளுக்கும் எனக்கும் நடுவில், கால் தரையைத் தொடாமல், அவர்களுடைய ஆறு வயது மகள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். பிறகு நான், அவளுடைய அத்தை. ஐந்தாவது ஆள் அறைக்குள் இல்லை. திறந்திருந்த கதவுக்கு வெளியே, பெஞ்சில், தன் முறைக்காகக் காத்திருந்த எங்கள் கீழ்வீட்டுத் தையற்காரி. உடம்பு வெளியே இருந்தாலும் காது உள்ளே இருந்ததால் அவளையும் சேர்த்துக்கொள்கிறேன்.

என் தம்பி வரவில்லை. அவன் பேருந்து ஓட்டுகிறவன். இன்று காலை வண்டி.

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்ததையும், அதை யார் பிரிப்பது என்று வீட்டில் இரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்ததையும் போன வாரம் இந்தப் பத்தியில் சொன்னேன். 'குழந்தையின் வாசிப்பு பற்றிப் பேச வேண்டும்' என்று ஒரே வரி. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். எங்கள் குடும்பத்திலிருந்து எவரையும் எந்தப் பள்ளிக்கூடமும் வேறு எதற்கும் கூப்பிட்டதில்லை.

"எங்க கண்ணு, அந்தப் புத்தகத்தை எடுத்துப் படி பார்க்கலாம்" என்றாள் ஆசிரியை. சின்னப் பெண்தான். முப்பத்தெட்டு பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதில் தொண்டை கட்டியிருந்தது.

வாண்டு புத்தகத்தைப் பிரித்தாள். ஒரு வாத்தும் ஒரு வாளியும் பற்றிய கதை. எட்டுப் பக்கம். விரலால் தாளை நீவிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கணீரென்று ஆரம்பித்தாள்.

"வாத்து நடந்தது. வாத்து ஒரு வாளியைப் பார்த்தது. வாளி நிறையத் தண்ணீர் இருந்தது."

சரியான இடத்தில் பக்கம் திருப்பினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெளியே பெஞ்சில் இருப்பவளுக்கும் கேட்கட்டும்.

"வாத்து வாளிக்குள் எட்டிப் பார்த்தது. இரு வாண்டு, மெஷின் நின்னுடுச்சு. வாளிக்குள் இன்னொரு வாத்து இருந்தது."

குரல் மாறவில்லை. மூச்சு மாறவில்லை. மெஷின் நின்றதும் கதையோடு கதையாகப் போய்விட்டது. வெளியே ஒரு சிரிப்பு, கையால் பொத்தியும் விரல் சந்தில் கசிந்தது.

ஆசிரியை சிரிக்கவில்லை. "இந்தப் பக்கத்துல மெஷின் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

வாண்டு கொஞ்சமும் தயங்காமல் வாத்தின் வாலுக்கும் வாளிக்கும் நடுவே விரலை வைத்தாள். "இங்க."

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. வீடு வந்து சேர மாலை ஏழாகிவிடும். வந்ததும் புத்தகத்தை எடுத்து மகளோடு படுப்பாள். வாத்து வாளியைப் பார்ப்பதற்கு முன்னால் தாய் தூங்கிவிடுவாள். அதனால்தான் சாப்பாட்டு இடைவேளையில் கதையைப் படித்து, குரலைப் பதிவு செய்து என் கைப்பேசிக்கு அனுப்ப ஆரம்பித்தாள். வாண்டு அதைப் போட்டுப் போட்டுக் கேட்பாள். மெஷின் சத்தம், நடுவில் யாரோ இருமுவது, எல்லாம் அதில் உண்டு.

ஆசிரியை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பெரிய எழுத்தில் 'வாத்து' என்று எழுதி நீட்டினாள். படம் இல்லை.

வாண்டு தாளைப் பார்க்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆசிரியை முகத்தை. மூன்று முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. உதட்டை மடித்துக்கொண்டாள்.

"மனப்பாடம் பண்ணினது தப்பில்லம்மா. நல்ல ஞாபகசக்தி" என்றாள் ஆசிரியை. "ஆனா எழுத்து மேல கண்ணே போகல. தினம் அஞ்சு நிமிஷம் போதும். எழுத்துக்குக் கீழ அவ விரலை வெக்கச் சொல்லுங்க. திணறினா உடனே எடுத்துக் கொடுத்துடாதீங்க. மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. புத்தகம்தான் வேணும்னு இல்ல. சோப்பு டப்பா, பஸ் போர்டு, எதுவானாலும் சரி. அவ ஏற்கெனவே கேட்டு மனப்பாடம் பண்ணினதா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"சரிங்க டீச்சர்."

"வெள்ளிக்கிழமை பத்து வார்த்தை வெள்ளைத்தாள்ல காட்டுவேன். அஞ்சாவது வரணும். வரலைன்னா, இன்னொரு வருஷம் இதே வகுப்புல இருக்கறதப் பத்திப் பேச வேண்டியிருக்கும்."

பிறகு அந்த அட்டையை எடுத்தாள்.

அது வாசிப்பு அட்டை. ஒவ்வொரு நாளும் வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் படிக்க வைத்தால் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தலைப்பு 'பெற்றோர் கையெழுத்து'. பத்துக் கையெழுத்துக்கு ஒரு நட்சத்திரம். நட்சத்திரங்களை வகுப்பு வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருப்பார்கள். எங்கள் வாண்டுக்கு நான்கு. தையற்காரியின் மகளுக்கு மூன்று.

"இதுதான் எனக்குப் புரியல" என்றாள் ஆசிரியை. "பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருந்தா இது ரெண்டாவது நாளே தெரிஞ்சிருக்கும். அப்போ இந்த நாப்பத்திரண்டு கையெழுத்து?"

தம்பி மனைவி அட்டையைக் கையில் வாங்கினாள். பார்த்தாள். சாய்வான ஒரு கோடு, அதன் கீழே இரண்டு புள்ளி. நாற்பத்திரண்டு கட்டத்திலும் அதுவே. அந்தக் கையெழுத்து யாருடையது என்று எங்கள் வீட்டில் தெரியாதவர்கள் இல்லை.

என்னுடையது.

மருந்துக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். பெட்டிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. என் கோடும் புள்ளியும் இல்லாமல் ஒரு பெட்டி வாசல் தாண்டியதில்லை. ஒருமுறை லேபிள் கோணலாக இருந்ததற்காக லாரியையே நிறுத்தி வைத்தேன். மேனேஜர் ஒரு மணி நேரம் என் மேசை முன்னால் நின்றார். நான் பேனாவைத் திறக்கவில்லை.

அப்படிப்பட்ட நான் இந்த அட்டையில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். முதல் வாரம் மூன்று நாள் வாண்டுவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாயில் வந்ததைச் சொன்னாள். நான் மேசையைத் தட்டினேன். மூன்றாம் நாள், "அத்தைகிட்ட வேணாம்" என்று அழுதாள். போ என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் கைப்பேசியில் கதை வர ஆரம்பித்தது. அவளும் கடகடவென்று ஒப்பித்தாள். படிக்கிறாளே, பிறகென்ன என்று தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பையைத் திறந்து கோடும் புள்ளியும் வைத்துக்கொண்டிருந்தேன்.

"தப்புதான் டீச்சர்" என்றாள் தம்பி மனைவி.

என்னைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தே சொன்னாள்.

"நீங்க வேலைக்குப் போறவங்க, எனக்குப் புரியுது. முடியாத நாள்ல காலியா விட்டுடுங்கம்மா. காலியா இருந்தா எனக்கு உதவி. இப்படிப் பொய்யா நிரப்பிட்டா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"இனிமே போட மாட்டேன்."

'அது நான் போட்டது.' மூன்றே வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது. கதவு திறந்திருந்தது. பெஞ்சில் தையற்காரி இருந்தாள். நான் என் கைப்பையின் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் தம்பி மனைவி நின்று நேரம் பார்த்தாள். "அண்ணி, அரை மணி லேட்டு. நான் இப்படியே போறேன். பன்னெண்டு மணிக்கு இவளைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

ஒரு சுடுசொல் சொல்லியிருந்தாலும் எனக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கிடைத்திருக்கும். பேருந்து நிறுத்தத்தை நோக்கி, தோளில் பையோடு, ஒரு பக்கம் சாய்ந்து நடந்து போனாள். துணி மூட்டை தூக்கித் தூக்கி அந்தத் தோள் இறங்கிப் போயிருந்ததை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பள்ளி வாசலில் தையற்காரி எனக்காகவே காத்திருந்தாள். அவளுடைய ஊசிகூடத் துணியைத் தொட்ட பிறகுதான் குத்தும்.

"என்னக்கா, மெஷின் நின்னுடுச்சாமே?"

"உன் மெஷின் ஓடுதா? அதைப் பாரு."

"அது ஓடுது, ஓடுது. வாத்துக் கதைக்குள்ள மெஷினைக் கொண்டு வந்தது உங்க வீடு ஒண்ணுதான் போங்க." கொஞ்சம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்திய குரல் தெருமுனை வரை கேட்கும். "இருந்தாலும் மனசு கேக்கல, அதான் கேக்கறேன். நாப்பது கையெழுத்தக்கா! அம்மாக்காரியே கள்ளத்தனமா போட்டு வெச்சிருக்காளே. உங்களை மாதிரி ஒரு ஆளு இருக்கற வீட்ல! உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"எங்க வீட்டு விஷயம் எங்க வீட்டுக்குள்ள."

"அது சரி. நாத்தனாரா இருந்தும் விட்டுக்கொடுக்காமப் பேசறீங்க பாருங்க. அதுக்குப் பெரிய மனசு வேணும்."

நான் வாண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மறுக்கவில்லை. மறுக்காத பேச்சு ஒப்புக்கொண்ட பேச்சு. தையற்காரிக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். காலையில் வாயை மூடியிருந்தது கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். நண்பகலில் மூடியிருந்ததற்கு அந்தப் பெயரும் கிடையாது.

இரண்டு மணிக்குத் தம்பி வந்தான். காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் நடுவே அவனுக்கு மூன்று மணி நேரம். ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் விழுந்தான்.

"படி ஏறி வர்றதுக்குள்ள ரெண்டு பேர் கேட்டுட்டாங்க" என்றான். "கண்டக்டர் வேற. அவன் பொண்டாட்டி கீழ துணி தைக்கக் குடுத்திருக்கா. 'என்னண்ணே, வீட்ல கையெழுத்து மழையாமே'ன்னு வண்டி நிறையப் பயணிங்க இருக்கறப்ப கேக்கறான்."

"முதல்ல சாப்பிடு."

"பொய்க் கையெழுத்துப் போடற அளவுக்கு வந்துட்டாளாக்கா அவ?"

அவனுக்குப் பதினொரு வயதிலிருந்து நான்தான் தாய், நான்தான் தகப்பன். நான் போட்ட கையெழுத்தில்தான் அவன் பள்ளிக்கூடம் போனான்.

"தம்பி, அந்தக் கையெழுத்து..."

"நீ அவளுக்குப் பரிஞ்சு பேசாத. எப்பப் பாரு அவ பக்கம்தான் நீ." நான் அவள் பக்கம் ஒருநாளும் பேசியதில்லை. அது அவனுக்கும் தெரியும். களைப்பில் வாய் எதையோ சொல்கிறது. "ஒரு லேபிள் கோணலா இருந்ததுக்கு லாரியை நிறுத்தினவ நீ. இந்த வீட்டுக்குன்னு ஒரு பேர் இருக்குன்னா அது உன்னாலதான். அதுல வந்து இவ... அவ வந்தா சொல்லிடு. நான் அவகிட்டப் பேச ஒண்ணும் இல்ல."

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளு."

அவன் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று அல்ல. தட்டில் வைத்த கை வைத்தபடி இருக்க, தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கியிருந்தான். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்தவன். தூங்கும் ஓட்டுநரை எழுப்பக் கூடாது, மாலை வண்டியில் அறுபது உயிர் இருக்கும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நல்ல நியாயம்தான். வேறு எதற்காவது பயன்படுத்தியிருக்கலாம்.

நாலரைக்கு அவனாகவே எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனான்.

வாண்டு அதுவரை மேசைக்கு அடியில் இருந்தாள். அவன் போன பிறகு வெளியே வந்தாள்.

"அத்தை, கள்ளக் கையெழுத்துன்னா என்ன?"

"ஒண்ணுமில்ல. போய் விளையாடு."

"என் நட்சத்திரத்தை எடுத்துடுவாங்களா?"

"தெரியாது."

கொஞ்ச நேரம் மேசையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா போட்டான்னு அப்பா சொல்றாங்க. அது நீ போடறதுதானே? கோடு இருக்கும், ரெண்டு புள்ளி இருக்கும்." பிறகு, சின்னதாக ஒரு பெருமையோடு, "அதை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும்" என்றாள்.

எத்தனையோ அதிகாரிகள் முன்னால் நின்றிருக்கிறேன். யாரும் என்னை இப்படிப் பிடித்ததில்லை.

"செருப்பைப் போடு" என்றேன். "அம்மா வேலை செய்யற இடத்துக்குப் போவோம்."

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம். நான் ஒருநாளும் போனதில்லை. எங்கள் வீட்டுப் பெண் ஊரார் அழுக்குத் துணியை வெளுக்கிறாள் என்று யாராவது கேட்டால், ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், சரிவான பாதையில் இறங்கினால் அந்த இடம். கதவைத் திறந்ததும் வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. ஆள் உயரத்துக்கு நான்கு இயந்திரங்கள், வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளைத் துணி உருண்டுகொண்டிருந்தது. ஒரு பக்கம் நீளமான மேசையில் நான்கைந்து பெண்கள் போர்வை மடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. இதற்குள் உட்கார்ந்துதான் அவள் வாத்துக் கதை படித்திருக்கிறாள்.

மடிப்பு மேசையிலிருந்த ஒரு பருத்த பெண்மணி வாண்டுவைப் பார்த்ததும் கையைத் தட்டினாள். "ஏய், வாத்துக்காரி வந்துட்டாடி!"

"வாத்து நடந்தது!" என்றாள் ஒருத்தி.

"வாத்து ஒரு வாளியைப் பார்த்தது!" என்றாள் இன்னொருத்தி, போர்வையின் மறுமுனையைப் பிடித்தபடி.

"எங்களுக்கே மனப்பாடம்" என்றாள் பருத்தவள் என்னிடம். "தினமும் சாப்பாட்டு நேரத்துல இதேதான். அந்த ரெண்டாவது வாத்து யாருன்னு ஒரு வாரம் சண்டை போட்டோம். நிழல்னு இவ சொல்றா, தங்கச்சின்னு நான் சொல்றேன்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் அந்த நாத்தனாரா?"

"ஆமாம்."

"பயப்படாதீங்க. நல்லாத்தான் சொல்லியிருக்கா. பாதி."

தம்பி மனைவி மூலையில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே இருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "என்ன அண்ணி? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. உட்காரு."

அவள் துணி மூட்டை மேல் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். வாண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடிவிட்டாள்.

"காலையில நீ ஏன் சொல்லல?"

"எதை?"

"தெரியாத மாதிரி பேசாத. அது என் கையெழுத்துன்னு."

அவள் ஆவியில் ஊறிச் சுருங்கிய விரல்களை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன் அண்ணி."

இயந்திரம் ஒன்று சுழற்சி முடிந்து மணி அடித்தது. யாரோ போய் அதை நிறுத்தினார்கள். எனக்கு அந்தச் சத்தம் நிற்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

"அவனும் உன்னைத்தான் நினைச்சுட்டு இருக்கான்" என்றேன். "கீழ இருக்கறவ ஊரெல்லாம் தைச்சுட்டா."

"தெரியும். மதியம் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இவர் போன் பண்ணினார். கத்தினார்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். கத்தறதுக்கு எனக்கும் தெம்பு வேணுமே." லேசாகச் சிரித்தாள். "எனக்குக் கொஞ்சம் வசதி பண்ணிக் கொடுக்கத்தானே நீங்க போட்டீங்க. நான் தூங்கிடறேன்னு..."

"உனக்காகப் போடல." இதையாவது நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "நட்சத்திரத்துக்காகப் போட்டேன். கீழ்வீட்டுப் பொண்ணுக்கு மூணு இருந்துச்சு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கண்ணை மூடி மூட்டை மேல் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா, இது என்ன?"

வாண்டு ஒரு தள்ளுவண்டியின் முன்னால் நின்றாள். எந்தப் பிரிவுத் துணி எந்த வண்டியில் என்று குழம்பாமலிருக்க, ஒவ்வொன்றிலும் கறுப்புப் பெயின்டில் பெரிதாக எழுதியிருந்தார்கள். எலும்பு. பிரசவம். கண். அவள் நின்றது கடைசி வண்டியின் முன்னால்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். தம்பி மனைவி கண்ணைத் திறக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எண்ணுங்க அண்ணி" என்றாள் மெதுவாக.

ஒன்று. வாண்டு திரும்பி எங்கள் முகத்தைப் பார்த்தாள். தாயின் கண் மூடியிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு. அவள் வேறு வழியில்லாமல் வண்டியின் பக்கம் திரும்பினாள். மூன்று. விரலை எழுத்துக்குக் கீழே வைத்தாள். முதல் எழுத்தை முணுமுணுத்தாள். நான்கு. முப்பத்தொரு வருஷத்தில் என் வாயை மூடி வைக்க நான் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. இன்று பகல் முழுதும் எவ்வளவு சுலபமாக மூடியிருந்தது!

"க... ண்" என்றாள். பிறகு சேர்த்து, "கண்."

சொல்லிவிட்டு அவளே சந்தேகத்தோடு தன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தக் கண்ணா?"

"அதேதான்" என்றாள் தாய். அவளுடைய மூடிய இமைக்குக் கீழே ஈரம் இருந்தது. வேர்வையாகவும் இருக்கலாம். அந்த இடம் அப்படி.

மடிப்பு மேசையில் கை தட்டினார்கள். வாண்டு உற்சாகத்தில் 'எலும்பு' வண்டிக்குப் போனாள். முதல் எழுத்தில் விரலை வைத்தாள், இரண்டாவதற்கு நகர்ந்தாள், அங்கேயே வெகுநேரம் நின்றாள். நான் ஐந்து வரை எண்ணி, மறுபடி ஐந்து எண்ணினேன்.

"மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டு வந்து தாயின் மடியில் விழுந்தாள்.

ஒரே ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமைக்கு ஐந்து வேண்டும், நடுவில் மூன்று நாள் இருக்கிறது. இதை வெற்றி என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய்க் கையெழுத்தாகிவிடும்.

திரும்பும் பேருந்தில் தாயும் மகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். நான் வாண்டுவின் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். கட்டங்களுக்கெல்லாம் கீழே, அட்டையின் அடியில், கொஞ்சம் இடம் இருந்தது. 'மேலே உள்ள கையெழுத்துகள் எல்லாம் குழந்தையின் அத்தை போட்டவை. குழந்தையின் தாய் போட்டது ஒன்றும் இல்லை. பார்க்காமல் போட்டேன்' என்று எழுதினேன். பேருந்து குலுங்கியதில் என் கையெழுத்து முதல்முறையாகக் கோணலாக விழுந்தது. புள்ளி இரண்டும் சரியாக இருந்தன.

நாற்பத்து மூன்றாவது கட்டத்துக்கு வந்தபோது தம்பி மனைவி கண் விழித்தாள்.

"ஒரு வார்த்தைக்குப் போடலாமா?" என்று கேட்டேன்.

"அஞ்சு நிமிஷம்கூட ஆகல அண்ணி. காலியா விடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

காலியாக விட்டேன்.

தம்பி மாலை வண்டியை விட்டுவிட்டு வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். அவனுடைய சாப்பாட்டை மூடி வைத்து, மூடிமேல் அந்த அட்டையை வைத்திருக்கிறேன். படித்துவிட்டு அவன் யாரிடம் பேசாமல் இருக்கப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமாக அவன் என்னிடம் ஒருநாளும் பேசாமல் இருந்ததில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூடும் எண்ணம் எனக்கும் இல்லை, திருத்தினால் போதும். வீட்டுக்கு ஏறும்போது கீழ்வீட்டு வாசலில் அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள், தையற்காரி கழுத்தில் நாடாவோடு நின்றாள். அவர்களிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

என் தம்பியின் மனைவி பள்ளிக்கூட அட்டையில் கள்ளக் கையெழுத்துப் போட்டாள் என்று இந்தக் கட்டிடத்திலும், ஒரு பேருந்திலும் ஒரு பேச்சு நடக்கிறது. அவள் போடவில்லை. நாற்பத்திரண்டும் நான் போட்டது.